பரனூரில் பறித்த சாவி

2021 பிப்ரவரி. சிறப்பு டிஜிபி ராஜேஷ் தாஸ் மீது பாலியல் புகார் கொடுக்கச் சென்னைக்குப் புறப்பட்ட பெண் ஐபிஎஸ் அதிகாரியின் காரைப் பரனூர் சுங்கச்சாவடியில் மறித்தது போலீஸ்தான். சாவியையும் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் பின்வாங்கவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் தாஸுக்கு மூன்றாண்டு சிறை விதித்தது, மறித்த எஸ்.பி.க்கு 500 ரூபாய் அபராதம். (அம்பாசமுத்திரத்தில் ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் போனால் ஆயிரம்!)

சீருடை போட்டவருக்கே இந்தக் கதி. அம்பாசமுத்திரத்தில் பீடி சுற்றும் பெண், வேலை கொடுப்பவர் மீது எங்கே போய்ப் புகார் சொல்வாள்? பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி, முதலாளி மீதான புகாரை விசாரிக்க மாவட்டந்தோறும் ஆட்சியர் உள்ளூர்க் குழு அமைக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாவிட்டால், எழுத உதவுவது குழுவின் கடமை.