மூன்றாம் சீலத்தின் பொருளை யார் உரைப்பது?

ஞாயிறுதோறும் நம் விகாரையில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதப்படுகின்றன. பெரியோருடன் சிறுவரும் அமர்ந்து ஐந்து சீலங்களையும் பாலி மொழியில் பிழையின்றி ஒப்பிக்கின்றனர். சில மாதங்களுக்கு முன், வழிபாடு முடிந்து யாம் விளக்கவுரை கூறிக்கொண்டிருந்த வேளையில், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள். "ஐயா, கொல்லாதே, திருடாதே, பொய் சொல்லாதே, குடிக்காதே என்பதெல்லாம் புரிகிறது. மூன்றாவது சீலத்துக்கு மட்டும் நீங்கள் ஏன் பொருள் சொல்வதில்லை?" என்று கேட்டாள். சபையில் சிலர் நகைத்தனர். தாய் அவள் கையைப் பற்றி இழுத்து அமர வைத்தாள். யாமோ, "பெரியவளானால் தானே தெரியும், அம்மா" என்று கூறிவிட்டு நான்காம் சீலத்துக்குச் சென்றுவிட்டோம்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. சீலம் என்பது வானிலிருந்து இறங்கிய கட்டளை அன்று. ஒருவன் தானே முன்வந்து, "இப்பயிற்சி நெறியை ஏற்கின்றேன்" என்று கூறும் உறுதிமொழியே சீலம். இன்னதென்று அறியாத ஒன்றினின்றும் விலகுவதாக ஒரு குழந்தை எவ்வாறு உறுதி கூறும்? பொருள் தெரியாத மந்திரத்தை முணுமுணுக்கச் செய்வது எம்மதத்தாரின் வழக்கம் என்று நாம் குறை கூறினோமோ, அதே வழக்கத்தை நம் விகாரையிலேயே நடத்துகின்றோம் என்பது எமக்கு அன்று உறைத்தது.

அதனினும் பெரிய குற்றம் ஒன்று உண்டு. "தம்பிப் பாப்பா எங்கிருந்து வந்தது?" என்று குழந்தை வினவினால், "ஆசுபத்திரியில் விலைக்கு வாங்கினோம்" என்கின்றோம். மூன்றாம் சீலத்தைப் பேச நாணி நான்காம் சீலத்தை முறிக்கின்றோம். பகவான் புத்தர் தம் மகன் இராகுலனுக்குச் சிறு வயதிலேயே உபதேசித்த முதற் பாடம் யாது? விளையாட்டுக்கேனும் பொய் கூறலாகாது என்பதே. அவ்வுபதேசத்திலேயே கண்ணாடியின் உவமையும் வருகின்றது. ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்த பின்னும், அது தனக்கோ பிறர்க்கோ இருவர்க்குமோ துன்பம் தருமா என்று கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும் என்றார். பாலறிவு என்று இன்று நாம் கூறுவதன் அறப்பகுதி முழுதும் இவ்வொரு பாடத்துள் அடங்கும். பகவான் அங்கே தந்தையாகவும் இருந்தார், ஆசிரியராகவும் இருந்தார். நம்மிடையே இவ்விருவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பதால்தான், "இதைப் புகட்ட வேண்டியவர் பெற்றோரா, பள்ளியா?" என்ற வழக்கு எழுகின்றது.

பெற்றோரே போதும் என்பார் கூற்றை முதலில் ஆராய்வோம். குழந்தையின் இயல்பை அறிந்தவர் பெற்றோர். அன்போடு, தனிமையில், வேளை அறிந்து கூற வல்லவரும் அவரே. இஃது உண்மை. ஆயினும் நம் குடும்பங்களின் நிலை என்ன? மும்பையில் வாழும் நம்மவருள் பலர் விடியுமுன் வேலைக்குச் சென்று இருட்டிய பின் திரும்புவோர். பிள்ளைகள் மராத்தியிலோ, இந்தியிலோ, ஆங்கிலத்திலோ பயில்கின்றனர். உடலுறுப்புகளைக் குறிக்கத் தாயிடம் உள்ள தமிழ்ச் சொற்கள் வசைச் சொற்களே. நல்ல சொல் அவளுக்கும் எவரும் கற்பிக்கவில்லை. எமக்கு மட்டும் யார் கற்பித்தார்? ஆலையில் பதலித் தொழிலாளியாய்ச் சேர்ந்த காலத்தில், தேநீர் இடைவேளையில் மூத்தோர் பேசிய கொச்சைப் பேச்சும் கழிப்பறைச் சுவரும் எமக்கு இப்பாடத்தை நடத்தின. அவற்றிற் கற்றதை மறக்கப் பல்லாண்டுகள் ஆயின. பின்னர் எம் மகன் ஓர் ஐயம் கேட்டபோது யாம் விடை கூறவில்லை, அவனை அடித்தோம். அதன்பின் அவன் எதையும் எம்மிடம் கேட்டதில்லை.

வீடு மட்டும் போதாது என்பதற்கு இன்னும் கடுமையான காரணம் உண்டு. 2007 ஆம் ஆண்டில் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளை விசாரித்து ஓர் ஆய்வை வெளியிட்டது. அவர்களுள் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறினர். தீங்கிழைத்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர், அல்லது குழந்தை நம்பியிருந்தவர். தீங்கு சில வேளைகளில் வாயிற்படிக்கு உள்ளேயே இருக்கின்றது என்பதே இதன் பொருள். அத்தகைய வீட்டில், "எல்லாவற்றையும் வீட்டிலேயே கேட்டுக்கொள்" என்று குழந்தையிடம் கூறுவது, நரியிடம் ஆட்டுக்குட்டியை ஒப்படைப்பது போலாகும்.

இனி, பள்ளியே பார்த்துக்கொள்ளட்டும் என்பார் கூற்று. அதே 2007 ஆம் ஆண்டில், வளரிளம் பருவக் கல்வித் திட்டம் பள்ளிகளுக்கு வந்தபோது, மகாராட்டிரம், கருநாடகம் முதலிய மாநிலங்கள் அது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது எனக் கூறி நிறுத்தின. குழந்தைகள் படும் துயரைக் கணக்கிட்ட ஆண்டும், அத்துயரைத் தடுக்கும் பாடத்தை விலக்கிய ஆண்டும் ஒன்றே என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பாடம் இருக்கும் இடத்திலும் நடப்பது என்ன? இனப்பெருக்க அதிகாரம் வந்தவுடன், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று ஏட்டைப் புரட்டிவிடும் ஆசிரியர் பலர். ஆசிரியர் பள்ளியைக் கைகாட்டாமல் வீட்டைக் கைகாட்டுகின்றார். பெற்றோர் பள்ளியைக் கைகாட்டுகின்றனர். இவ்விரு கைகளுக்கும் நடுவே குழந்தை தனியே நிற்கின்றது. அங்கே மூன்றாவது ஆசிரியன் ஒருவன் வந்து சேர்கின்றான். கைப்பேசியே அவன். அவனுக்கு நாணமும் இல்லை, கருணையும் இல்லை.

இவ்வழக்கைத் தீர்க்க நாம் வெளியே செல்ல வேண்டுவதில்லை. இல்லறத்தார்க்கென்று பகவான் அருளிய சிகாலோவாத சூத்திரத்தில் தீர்ப்பு உள்ளது. ஆறு திசைகளையும் வணங்கிய இளைஞன் சிகாலனுக்கு, கிழக்குத் திசை பெற்றோர், தெற்குத் திசை ஆசிரியர் என்று பகவான் விளக்கினார். பெற்றோர் மக்களுக்குச் செய்ய வேண்டிய கடமைகள் ஐந்து: தீமையினின்று தடுத்தல், நன்மையில் நிலைநிறுத்தல், தொழில் கற்பித்தல், தக்க மணம் முடித்தல், உரிய காலத்தில் உடைமையை ஒப்படைத்தல். ஆசிரியர் மாணவர்க்குச் செய்ய வேண்டியவையும் ஐந்து: நன்கு பழக்குதல், நன்கு புரியுமாறு கற்பித்தல், கலைகள் யாவற்றையும் மறைக்காது உரைத்தல், நல்லோர் நட்பில் சேர்த்தல், எல்லாத் திசைகளிலும் காப்பு அளித்தல். தீமையினின்று தடுக்கும் கடமை பெற்றோருடையது. மறைக்காது உரைக்கும் கடமையும் காப்பளிக்கும் கடமையும் ஆசிரியருடையவை. ஒருவர் கடமையை மற்றவர் செய்துவிட்டார் என்று கூறி எவரும் தம் கடமையினின்று நீங்க இடமில்லை. "பெற்றோரா, பள்ளியா?" என்னும் வினாவே பிழையான வினா. இருவரும் குழந்தைக்குக் கடன்பட்டவர். ஒருவர் கடனை அடைக்கத் தவறினால் மற்றவர் சுமை கூடுமேயன்றிக் குறையாது.

"அறியாத பிள்ளைக்கு அறிவித்தால் கெட்டுவிடாதா?" என்பர் சிலர். அடுப்பின் சூட்டை அறிந்த குழந்தை அடுப்பில் கை வைப்பதில்லை. பாலறிவு புகட்டுவதால் இளைஞர் முன்கூட்டியே உறவில் ஈடுபடுவது அதிகரிப்பதில்லை என்று, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018 இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் யுனெசுகோ தெளிவாக்கியுள்ளது. நம் தமிழ்ப் பௌத்தக் காப்பியத்தையே நோக்குக. இளவரசன் உதயகுமரன் மலர்வனத்துக்குத் தேடி வந்தபோது மணிமேகலை பளிக்கறையுள் புகுந்து ஒளிந்தாள். அச்சுவர் அவளை ஒரு பொழுது காத்தது. அவளை வாழ்நாள் முழுதும் காத்தது, தாய் மாதவியின் உறுதியும் ஆசான் அறவண அடிகளின் உபதேசமுமே. அங்கும் தாய் ஒருத்தி, ஆசான் ஒருவர், இருவரும் வேண்டியிருந்தது.

பாபாசாகேப் அம்பேத்கர் இவ்விடயத்தில் எப்பக்கம் நின்றார் என்பதை நம்முள் பலர் அறியார். இதே மும்பையில் ரகுநாத் தோண்டோ கார்வே என்பவர், "சமாஜ ஸ்வாஸ்த்ய" என்னும் மராத்தி இதழை 1927 முதல் நடத்திப் பாலறிவு பரப்பினார். வாசகர் கேட்ட ஐயங்களுக்கு விடையளித்ததை ஆபாசம் எனக் கூறி அவர்மீது வழக்குத் தொடுத்தனர். 1934 இல் அவருக்காக வழக்காட முன்வந்தவர் பாபாசாகேப். பாலியல் பற்றி எழுதுவதெல்லாம் ஆபாசம் ஆகாது என்பது அவர் வாதம். வழக்குத் தோற்றது, கார்வேக்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஆயினும், கேட்டவனுக்கு விடை கூறுவது குற்றமன்று என்ற நிலையில் பாபாசாகேப் உறுதியாய் நின்றார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் நமக்கு அவர் அளித்த 22 உறுதிமொழிகளுள் பிறழ்காமத்தை விலக்குவதும் ஒன்று. அறிவை விலக்குமாறு அவர் எங்கும் கூறவில்லை.

மற்றொன்றும் கூற வேண்டும். பெண் பூப்படைந்தால் நம் வீடுகளில் இன்றும் "தூரம்" என்கின்றோம். அவளை மூலையில் இருத்தித் தட்டையும் பாயையும் தனியே வைக்கின்றோம். எச்சொல்லைக் கூறி நம் முன்னோரைத் தெருவிலிருந்து விலக்கினரோ, அச்சொல்லையே நம் மகள்மீது ஏவுகின்றோம். பகவானோ பிக்குணிகளுக்கு மாதவிடாய்க் காலத்துக்கென ஒரு துணியை அனுமதித்தார். பயன்படுத்தியவள் அதனை அடுத்தவளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற விதியும் விநயத்தில் உண்டு. அங்கே தீட்டு என்ற பேச்சுக்கு இடமில்லை. துணி என்ற பேச்சே உண்டு. உடலைப் பற்றிப் பேசும் முறை அதுவே.

பின்னர் யாம் அச்சிறுமியின் தாயைச் சந்தித்து, மகளின் வினாவுக்கு விடை கூற அனுமதி வேண்டினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின், "எனக்கே யாரும் சொன்னதில்லை ஐயா. முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள்" என்றார். அவ்வாறே, மாதம் ஒரு ஞாயிறு பெற்றோர்க்கெனத் தனி வகுப்புத் தொடங்கினோம். நம் சங்கத்தைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் தாய்மாருடன் பேசுகின்றார். தந்தையருடன் யாம் பேசுகின்றோம். தந்தையர் வருகை இன்னும் குறைவே.

சிறுமிக்குத் தாயின் முன்னிலையில் யாம் கூறிய விடை இது: "அம்மா, உன் உடல் உனக்குரியது. பிறர் உடல் பிறர்க்குரியது. அன்பின் பெயராலோ, அச்சத்தின் பெயராலோ, ஒருவர் உடலை மற்றவர் துன்புறுத்துவதும், ஏமாற்றிக் கொள்வதும், விருப்பமின்றித் தீண்டுவதும் மூன்றாம் சீலத்தை முறிப்பனவாகும். உன்னிடம் எவரேனும் அவ்வாறு நடந்தால் குற்றம் அவருடையது, உன்னுடையது அன்று. உடனே அம்மாவிடம் சொல். அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் ஆசிரியையிடம் சொல். அதுவும் முடியாவிட்டால் எம்மிடம் சொல், அல்லது 1098 என்ற எண்ணுக்குப் பேசு." 2012 இல் வந்த போக்சோ சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்டோர்க்கு இழைக்கப்பட்ட இத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவராயினும் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதையும் தாய்க்கு எடுத்துரைத்தோம். குடும்ப மானம் என்று மறைப்பது சட்டப்படியும் தவறு, தம்மப்படியும் தவறு.

அவள் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா? இதை அன்றே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

சொல்லியிருக்கலாம். உபாசக அன்பர்களே, அடுத்த ஞாயிறு உங்கள் குழந்தை மூன்றாம் சீலத்தை ஓதும்போது அதன் முகத்தைப் பாருங்கள். அங்கே வினா இருக்குமாயின், அது வாய்விட்டுக் கேட்குமுன் விடையை ஆயத்தம் செய்துகொள்ளுங்கள். பள்ளிக்குச் சென்று ஆசிரியரிடம் அந்த அதிகாரத்தைத் தாண்டாமல் நடத்துமாறு கேளுங்கள். எம் மகனுக்கு யாம் அளிக்காத விடையை இன்று அவனுக்கு அளிக்க இயலாது. உங்கள் மக்கள் இன்னும் சிறுவர். உங்களுக்குக் காலம் இருக்கின்றது.