சந்நிதியில் முழங்கால்

அக்கினி நட்சத்திர வெயிலுக்கு அஞ்சி, வியர்வையை உறிஞ்சிக் காற்றுக்கு வழிவிடும் பருத்தியிலோ லினனிலோ தைத்த அரைக்கால் சட்டையோடு வீதியில் சுகமாக உலவும் ஒருவர், ஆலய வாசலை அடைந்ததும் அந்த உடையின் பொருட்டே தடுக்கப்படுவது ஏன் என்ற வினா, அற்பமானதாகத் தோன்றினாலும், சரீரத்துக்கும் பக்திக்கும் உள்ள சம்பந்தத்தையே தொடுகிறது. திருச்செந்தூரிலும் குருவாயூரிலும் ஆடவர் மேற்சட்டையைக் களைந்துதான் சந்நிதிக்குச் செல்லவேண்டும். திறந்த மார்பு அங்கே பணிவின் அடையாளம். திறந்த மார்பை ஏற்கும் தெய்வம் திறந்த முழங்காலைக் கண்டு முகம் சுளிக்கும் என்று நம்ப என் மனம் இடங்கொடுக்கவில்லை.

2015-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்கு உடை நியமம் ஒன்றை விதித்ததும், அது நடைமுறைக்கு வந்த சில நாட்களிலேயே தடைபட்டதும் பலருக்கு நினைவிருக்கலாம். அதே மதுரையில்தான் 1921 செப்டம்பர் 22-ஆம் நாள், கதர் வாங்க வகையற்ற ஏழைகளை எண்ணி, காந்தியடிகள் முழங்காலை எட்டாத சிறு துண்டை ஏற்றார். அக்டோபர் முடியும் வரை என்று வரையறுத்துத் தொடங்கிய அந்த விரதம் ஆயுள் முழுவதும் நீடித்தது. ஹரிஜனங்களை விலக்கிய கோயிலுக்குள் தாமும் புகுவதில்லை என்றிருந்த அவர், 1939-இல் வைத்தியநாதய்யர் முயற்சியால் அவர்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்ற பிறகு, 1946-இல் அங்கே வழிபட வந்தபோதும் அதே துண்டைத்தான் உடுத்தியிருந்தார்.

அவர் தியாகத்தால் உடையைக் குறைத்தார், அரைக்கால் சட்டையோடு வருபவரோ சௌகரியத்துக்காகக் குறைக்கிறார் என்று ஆட்சேபிக்கலாம். மெய்தான்; ஆனால் அந்த பேதம் மனத்தில் இருக்கிறதேயன்றித் துணியின் நீளத்தில் இல்லை; மனத்தை அளக்கும் கோல் வாயிற்காவலரிடம் ஏது? வெயிலுக்கு ஏற்ற உடையை நாடுவது சரீர தர்மம்; அதில் பாவத்தின் சாயல்கூட இல்லை. நீராடி, துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் புறப்படும் வழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்; உலக வியவகாரத்திலிருந்து மனத்தைத் திருப்ப அது ஓர் உபாயம். எனினும் அது சொந்த சங்கல்பத்தால் நிகழும்போதே உபாயமாகிறது, நிர்ப்பந்தத்தால் நிகழ்ந்தால் வெறும் வேஷமாய்விடுகிறது. வெயிலில் நெடுந்தூரம் வந்தவருக்கு, அரைக்கால் சட்டையின் மேலேயே சுற்றிக்கொள்ள ஒரு வேட்டியை வாசலில் அன்போடு கொடுத்து உள்ளே அனுப்பினால் அதில் எனக்கு ஆட்சேபமில்லை. தரிசனமின்றி அவரைத் திருப்பியனுப்புவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.