நித்திய பூஜையும் உற்சவமும்

ஹைதராபாத்தில் மூசி நதிக்கரையில் உள்ள உஸ்மானியா பொது மருத்துவமனையின் வளாகத்தில் பழமையான புளியமரம் ஒன்று நிற்கிறது. 1908 செப்டம்பர் 28 அன்று மூசியில் பெருவெள்ளம் புகுந்து பல்லாயிரம் பேரை வாரிச் சென்றபோது, இம்மரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு ஏறத்தாழ 150 பேர் உயிர் பிழைத்தனர். அந்த நாளை மறவாத அன்பர்கள் ஆண்டுதோறும் அம்மரத்தடியில் கூடி நன்றி செலுத்துவதுண்டு.

அவ்வெள்ளத்திற்குப் பின் வேறொன்றும் நடந்தது. நிஜாம் அரசின் அழைப்பை ஏற்று வந்த பொறியியல் மேதை விஸ்வேஸ்வரய்யா, நகருக்கு மேற்கே நீர்த்தேக்கங்கள் அமைத்து வெள்ளத்தைத் தடுக்கத் திட்டம் வகுத்தார். உஸ்மான் சாகர் 1920-இலும், ஹிமாயத் சாகர் 1927-இலும் கட்டி முடிக்கப்பட்டன. 1908-ஐப் போன்ற பேரழிவை மூசி அதன்பின் விளைவிக்கவில்லை. இந்த ஏரிகள் காத்த உயிர்கள் எத்தனை? வராத வெள்ளத்தில் மடியாமல் இருந்தவர்களை யார் எண்ணுவது? தாம் காப்பாற்றப்பட்டோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. எனவே நன்றி சொல்ல எவரும் ஏரிக்கரைக்குச் செல்வதில்லை. விடுமுறை நாளில் காற்று வாங்கச் செல்கிறார்கள்.

மரத்திற்கும் ஏரிக்கும் இடையே உள்ள இந்த வேறுபாடு, நோயுற்றோர்க்குச் செய்யும் தொண்டிலும் உண்டு.

ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 2007-இல் ஆரோக்யஸ்ரீ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. அன்றைய முதல்வர் ராஜசேகர ரெட்டி தாமே ஒரு மருத்துவர். பெரிய அறுவை சிகிச்சைக்காக நிலத்தை விற்றும் கடன்பட்டும் அழிந்த ஏழைக் குடும்பங்கள், முதல்வர் நிவாரண நிதிக்கு மனு எழுதிக் காத்திருந்த காலம் அது. மகபூப்நகர், அனந்தபூர், ஸ்ரீகாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களில் முதலில் நடைமுறைக்கு வந்த இத்திட்டத்தால், வெள்ளை ரேஷன் அட்டை உள்ளவர்கள் தனியார் மருத்துவமனையிலும் கட்டணமின்றி இதய அறுவை சிகிச்சை பெற முடிந்தது. இரண்டு ஆண்டுகளில் தமிழகமும் இதையொத்த காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. தெலங்கானாவில் 2023 டிசம்பரில் இதன் உச்சவரம்பு குடும்பம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதனால் கண்ணீர் துடைக்கப்பட்ட தாய்மார்கள் எண்ணற்றோர். இதைக் குறைத்துப் பேச நமக்கு உரிமை இல்லை.

ஆயினும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். பாலமூர் என்று மக்கள் அழைக்கும் அதே மகபூப்நகரிலிருந்து பிழைப்புக்காக ஹைதராபாத் வந்த கட்டிடத் தொழிலாளி அவர். நாற்பது வயதில் அவருக்கு இரத்த அழுத்தம் மிகுந்துவிட்டது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வந்ததே தெரியவில்லை. நாள்தோறும் விழுங்கவேண்டிய மாத்திரையின் விலை ஒரு குவளைத் தேநீரின் விலையைவிடக் குறைவு. ஆனால் அதை எழுதித் தரும் மருத்துவரைக் காண ஒரு நாள் கூலியை இழக்கவேண்டும். அவர் செல்லவில்லை. பத்து ஆண்டுகளில் சிறுநீரகங்கள் செயலிழக்கின்றன. இப்போது ஆரோக்யஸ்ரீ அவருக்காகக் கதவைத் திறக்கிறது: வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், வாழ்நாள் முழுவதும் டயாலிசிஸ். மருத்துவமனைப் படுக்கையில் விழுந்தவரைத் தாங்கவே அத்திட்டம் வகுக்கப்பட்டது. விழாமல் தடுக்கும் மாத்திரை அதன் எல்லைக்குள் வரவில்லை. பெருஞ்செலவுக்கு முன்வரும் சமுதாயம் சிறு செலவுக்கு ஏன் முன்வரவில்லை?

நிதி நிர்வாகத்தின் குறை என்று சொல்லிவிடலாம். நம் மனத்தின் குறையும் இதில் இருக்கிறது என்றே தோன்றுகிறது. நமது இரக்கம், துன்பம் கண்ணெதிரே வந்து கதறினால்தான் விழிக்கிறது.

நமது சாஸ்திரங்கள் கர்மங்களுள் நித்தியம், நைமித்திகம் என்ற பிரிவுகளைக் கூறுகின்றன. நாள்தோறும் தவறாமல் செய்வது நித்தியம். கிரகணம் போன்ற ஒரு நிமித்தம் நேரும்போது செய்வது நைமித்திகம். நித்திய கர்மத்தைச் செய்வதால் தனிப்பலன் எதுவும் இல்லை, விட்டாலோ குற்றம் சேரும் என்று மீமாம்சகர்களில் ஒரு சாரார் உரைப்பர். முதலில் கேட்கும்போது இது வறட்டு விதியாகத் தோன்றலாம். ஆனால் கிராமத்துச் செவிலியரின் பணியை நோக்குங்கள். அவர் கொடுத்த மாத்திரையால் ஒருவருக்குப் பக்கவாதம் வரவில்லை. வராத நோய்க்காக யார் அவர் கையைப் பற்றிக் கண்ணீர் மல்குவார்? அறுவை சிகிச்சை நிபுணருக்கு அந்த நன்றி கிட்டும், அது நியாயமே. செவிலியருக்கோ பலன் கண்ணில் படாத கர்மமே வாய்த்திருக்கிறது. கீதை போற்றும் பலன் கருதாப் பணிக்கு இதைவிடச் சிறந்த களம் உண்டோ?

‘எதிரே ஒருவன் மூச்சுத் திணறிக் கிடக்கும்போது, உப்பைக் குறையுங்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்வதா?’ என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். மூச்சுத் திணறுபவரை முதலில் தூக்கவேண்டும்; அதில் இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் நம் ஆலயங்களைப் பாருங்கள். நித்திய பூஜையில் நேரும் குறைகளுக்குப் பரிகாரமாகப் பவித்ரோற்சவம் நடத்துகிறார்கள். பரிகாரம் இருக்கிறதே என்பதற்காக எந்த அர்ச்சகரும் காலை பூஜையை நிறுத்திவிடுவதில்லை.

மேலே சொன்ன உஸ்மானியா மருத்துவமனையின் வரலாறே இதற்குச் சான்று. 1925-இல் எழுந்த அதன் எழில்மிகு கட்டிடத்தைப் பேணும் பணி பல்லாண்டுகள் பின்தங்கியது. 2020 ஜூலை மழையில் வார்டுகளுக்குள்ளேயே நீர் புகுந்து நோயாளிகளின் கட்டில்களைச் சூழ்ந்தது. பழைய கட்டிடம் மூடப்பட்டது. 2025 ஜனவரியில் கோஷாமகாலில் புதிய மருத்துவமனைக்கு விழா எடுத்து அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல் நாட்டுவதற்கு விழா உண்டு. வடிகாலைத் தூர் வாருவதற்கு விழா ஏது?

1884-இல் தட்சிணேசுவரத்தில் ஒரு நாள் ஸ்ரீராமகிருஷ்ணர், ஜீவர்களிடம் தயை என்ற கருத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிப் பரவசமானார். தயை காட்ட நாம் யார், ஜீவனைச் சிவனாக அறிந்து சேவை செய்வதே உரியது என்ற பொருள்பட அவர் கூறியதை இளைஞர் நரேந்திரர் அருகிலிருந்து கேட்டார். நாம் பலமுறை கேட்டுப் பழகிய நிகழ்ச்சிதான். ஆனால் இதில் மருத்துவத்திற்குரிய நுட்பம் ஒன்று இருக்கிறது. தயை பிறக்க ஒருவர் துன்புற்றாக வேண்டும். நோய் முற்றும்வரை தயைக்கு வேலையில்லை. பூஜை அப்படியன்று. தெய்வம் துன்பப்பட்டால்தான் பூஜை செய்வேன் என்று எவரும் காத்திருப்பதில்லை. நலமாக இருக்கும் நாராயணனுக்கும் காலையில் விளக்கேற்றுகிறோம்.

இத்தகைய விளக்குகள் சில ஏற்றப்பட்டும் உள்ளன. ஹைதராபாத்தின் எளிய குடியிருப்புகளில் 2018 முதல் ‘பஸ்தி தவாகானா’ என்ற சிறு மருத்துவமனைகள் தோன்றின. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஓர் உதவியாளர். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சில ஆண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை இருநூறைக் கடந்தது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. தொடக்க நாளின் ஆரவாரத்துக்குப் பின்னரே இவற்றின் உண்மையான சோதனை ஆரம்பமாகிறது. கூலியை விட்டு வந்தவரிடம், மருந்து தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள் என்று ஒருமுறை சொன்னால் போதும். அவர் திரும்பி வரமாட்டார்.

நேரமும் கவனிக்கத்தக்கது. ஆலயங்களில் வேலைக்குச் செல்வோர் வணங்கிச் செல்ல விடியலில் நடை திறக்கிறார்கள். திரும்பி வருவோருக்குச் சாயரட்சை இருக்கிறது. பஸ்தி தவாகானாக்கள் பெரும்பாலும் பகல் வேளையில் இயங்குகின்றன. அந்தப் பகல் வேளையில் பாலமூர்த் தொழிலாளி நான்காவது மாடிச் சாரத்தின்மீது நின்று செங்கல் வாங்கிக்கொண்டிருக்கிறார்.