பால்பவுடர் கிறிஸ்தவன்

“பால்பவுடருக்கு மதம் மாறினவங்கதானே நீங்க?” ஒரு தோழர் சிரித்துக்கொண்டே கேட்டார். ஊர்த்தெருக்காரன் கேட்டால் பழகிப்போச்சு. மார்க்ஸ் படித்தவரும் அதையேதான் கேட்கிறார்.

சட்டத்தைச் சொல்லிப் பார்த்தேன். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து அல்லாதவன் அட்டவணைச் சாதியில் வரமாட்டான். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள்; எங்களை இன்றுவரை சேர்க்கவில்லை. மாறியதால் எங்களுக்கு இழப்புதான். (சான்றிதழுக்காகத் திரும்பிப்போனவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.) தோழர் காதில் ஏறவில்லை. சரி, பசிக்குத்தான் மாறினோம் என்றே வையுங்கள். பசித்தவனுக்குச் சோறு போட்ட சாமியைக் கும்பிட்டால் அதில் என்ன கேவலம்?

“உங்க கோயில்லயும் சாதி இருக்கே?” இருக்கு. எங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர். எங்க ஆத்தா சேரிப்பக்கம்தான் கிடக்கிறாள். அதை இடிக்கச் சொல்லி மனுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். திருச்சபையை நியாயப்படுத்த நான் வரவில்லை.

ஆத்தா ஆண்டையை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆனால் பெரியப்பா செத்த அன்று சிலுவைக்கு முன்னால் நின்று, “நீயும் பிள்ளையப் பறிகொடுத்தவன்தானய்யா, தெரியலையா ஒனக்கு?” என்று சண்டை போட்டாள். அவள் எதிர்த்துக் கேட்க முடிந்த ஒரே பெரிய மனுசன் அவர்தான். தோழர் இதை அபின் என்கிறார். மார்க்ஸ் அதற்கு முந்தின வரியில் எழுதியதை அவர் படித்ததில்லை போல.

இப்போதெல்லாம் வாதாடுவதில்லை. “ஞாயித்துக்கிழமை சுவர் விஷயமாக் கூட்டம் இருக்கு, வாங்க தோழர்” என்கிறேன். இதுவரை ரெண்டுபேர் வந்தார்கள். அதில் ஒருவர் கடவுளே இல்லை என்பவர்.