மழை ஓய்ந்ததும் நிரம்பும் மேசைகள்

மியூனிக் நகருக்கு வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வருகிறவர் முதல் சில வாரங்கள் ஊரோடு போடும் சண்டையெல்லாம் வானிலையைப் பற்றியதுதான். காலையில் ஸ்வெட்டர், மதியம் அரைக்கைச் சட்டை, சாயங்காலம் குடை. ஏப்ரல் வெயிலை நம்பித் தக்காளி நாற்றைப் பால்கனியில் வைத்தால், “மே பாதி போகட்டும்” என்பார்கள் அக்கம்பக்கத்தார். மே 11 முதல் 15 வரை ‘பனிப் புனிதர்’ நாட்கள். அவை கழியும்வரை செடிகளை வெளியே வைக்க உள்ளூர்க்காரர்கள் தயங்குவார்கள். சரி, கோடை வரட்டும் என்று காத்திருந்தால், இங்கே ஆண்டின் அதிக மழையே கோடையில்தான். 1984 ஜூலை 12 அன்று பெய்த ஆலங்கட்டி மழை கூரைகளையும் கார்களையும் நொறுக்கியதை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

போதாததற்கு ‘ஃபோன்’ காற்று வேறு. ஆல்ப்ஸின் தெற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு வடக்கே சரியும் காற்று, நூறு மீட்டர் இறங்க ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் சூடேறும். நடுக் குளிர்காலத்திலும் திடீரென்று வசந்தம் வந்ததுபோல் இருக்கும். வெகுதூரத்து மலைகள் தெருக்கோடியில் நிற்பதுபோலத் துல்லியமாகத் தெரியும். புதியவர் படமெடுத்துக் கொண்டிருப்பார். அலுவலகத் தோழர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, தலைவலிக்கு இந்தக் காற்றுதான் காரணம் என்பார்.

இவ்வளவு நம்பமுடியாத வானத்தின் கீழே, திறந்தவெளி பீர் தோட்டங்களில் இத்தனை இருக்கைகளை யார் போட்டார்கள்? ஹிர்ஷ்கார்ட்டன் என்ற ஒரே பீர் தோட்டத்தில் சுமார் 8,000 பேர் உட்காரலாம். மேலே குதிரைக் கஷ்கொட்டை மரங்களின் நிழல், காலடியில் சரளைக்கல், நீளநீள மர மேசைகள். இங்கே ‘மாஸ்’ என்றால் ஒரு லிட்டர். அந்தக் கண்ணாடிக் குவளை காலியாக இருக்கும்போதே ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். பழக்கமில்லாதவர்கள் பாதி எலுமிச்சைச் சோடா கலந்த ‘ராட்லர்’ வாங்குகிறார்கள். குடிக்காதவர்கள் ஆப்பிள் சாற்றில் சோடா கலந்து வாங்கிக்கொண்டு அதே மேசையில் உட்காருகிறார்கள்.

இந்தத் தோட்டங்களை உண்டாக்கியதே வானிலைதான் என்பது புதியவருக்கு மெல்லத்தான் புரியும். பவேரியாவின் பீர், குளிரில் நிதானமாக வேலை செய்யும் ஈஸ்டால் நொதிப்பது. வெயில் காலத்தில் பீர் கெட்டுப்போனது. கொதிகலன் நெருப்பால் வீடுகள் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் இருந்தது. அதனால் 16ஆம் நூற்றாண்டில், ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே தடை போட்டார்கள். கோடைக்கு வேண்டியதை முன்கூட்டியே காய்ச்சி, நிலவறைகளில் சேமித்தார்கள். குளிர்காலத்தில் வெட்டியெடுத்த பனிக்கட்டி உள்ளே. வெயில் தாக்காமலிருக்க மேலே சரளைக்கல்லும் கஷ்கொட்டை மரங்களும். அகன்ற இலை நல்ல நிழல் தரும்; ஆழமாகப் போகாத வேர் நிலவறையைக் குலைக்காது.

நிழலும் குளிர்ந்த பீரும் ஓரிடத்தில் இருந்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? அங்கேயே உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார்கள். நகரத்து விடுதிக்காரர்கள் தங்கள் பிழைப்பு போகிறதென்று முறையிட்டார்கள். 1812இல் மன்னர் முதலாம் மாக்சிமிலியன் யோசஃப் இருதரப்புக்கும் வழி சொன்னார்: நிலவறையில் பீர் விற்கலாம், ரொட்டியும் தரலாம், வேறு சாப்பாடு கூடாது. ஜனங்கள் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார்கள்.

1870களில் பேராசிரியர் கார்ல் லிண்டே, மியூனிக்கின் ஷ்பாட்டன் ஆலையில் தன் குளிர்பதன இயந்திரத்தைச் சோதித்துப் பார்த்தார். அதன்பிறகு பீருக்கு நிழல் தேவைப்படவில்லை. மனிதர்களுக்குத் தேவைப்பட்டது, மரங்கள் பிழைத்தன.

இன்றும் துணி விரிக்காத மேசைகளில் சொந்தச் சாப்பாட்டைப் பிரிக்கலாம். முள்ளங்கியைச் சுருளாகச் சீவி உப்பு தூவி, அது நீர் விடும்வரை பேசிக்கொண்டிருக்கும் ஒரு முதியவர். பக்கத்தில் டிஃபன் பாக்ஸைத் திறக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், உள்ளே புளியோதரை. முறைத்துப் பார்க்க ஆளில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் தருகிறார்கள், இரண்டு வார்த்தை பேசுகிறார்கள்.

புலம்பெயர்ந்து வாழ்கிறவருக்கு இங்கே யோசிக்க ஒரு விஷயம் இருக்கிறது. வீடு அமையட்டும், மொழி வரட்டும், குளிர் போகட்டும், அப்புறம் இந்த ஊரில் வாழத் தொடங்கலாம் என்று நாட்களைத் தள்ளிப்போடுவது அவருடைய வழக்கம். உள்ளூர்க்காரர் வானிலையை அவரைவிட அதிகமாகத் திட்டுகிறார். ஆனால் மழை விட்ட அரைமணி நேரத்தில் ஈர பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். பிப்ரவரியில் ஒருநாள் வெயில் அடித்தாலும், கோட்டைக் கழற்றாமலே தோட்டத்துக்கு வந்துவிடுகிறார். நல்ல பருவம் முழுசாக வரும் என்று அவர் காத்திருப்பதில்லை.

தோட்டத்தில் உட்காரும் அந்த நேரத்தை உள்ளூர்க்காரர்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது 1995இல் தெரிந்தது. சத்தம் தாங்கவில்லை என்று அண்டை வீட்டார் வழக்குப் போட, ஒரு தோட்டத்தை முன்னிரவிலேயே மூடவேண்டிய நிலை வந்தது. ஆயிரக்கணக்கானோர் மியூனிக் வீதியில் திரண்டார்கள். அண்டை வீட்டாரின் தூக்கமும் நியாயமானதுதான். 1999இல் வந்த பவேரிய அரசின் பீர் தோட்ட விதி இரண்டையும் பார்த்தது: இரவு 10 மணிக்கு இசை நிற்க வேண்டும், 11 மணிக்குள் தோட்டம் அடங்க வேண்டும்.

மியூனிக்குக்குக் குடிபோகிறவர்கள் நல்ல மழைக்கோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வெயில் நாளிலேயே சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்புங்கள். துணி விரித்த மேசையில் மட்டும் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். அது பணியாளர் பரிமாறும் இடம்.