வேலை வேறு, ஊழியம் வேறு

உச்சிப்படிப்பு முடிந்து அன்னதர்மத்துக்கு உட்காரும் வேளையில், நம் வடசென்னைத் தாங்கல்களில் பெரியவர்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் பிள்ளைகளின் வேலையைப் பற்றித்தான். "டிப்ளமோ முடித்து மூன்று வருஷமாகிறது, இன்னும் வீட்டில்தான் இருக்கிறான். கிடைத்த வேலைக்குப் போக வேண்டியதுதானே? வேலையில் என்ன உயர்வு தாழ்வு?" என்பார் தகப்பனார். பிள்ளையைக் கேட்டால், "பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். பிடித்தம் போகக் கையில் வருவது பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும்தான் சரியாக இருக்கிறது. எட்டு மாதத்தில் காண்ட்ராக்ட் முடிந்தது என்று அனுப்பிவிடுவார்கள்" என்பான். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவரில் யார் பேச்சு தர்மத்துக்கு ஒத்தது? இது ஒரு வீட்டுக் கேள்வி மட்டுமல்ல. நம் எல்லோர் மனச்சாட்சிக்கும் உரிய கேள்வி.

முதலில் நாம் குடியிருக்கும் ஊரைப் பார்ப்போம். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் நம் முன்னோர் இங்கே வந்தது பிழைப்பைத் தேடித்தான். அன்று பெரம்பூரில் பின்னி ஆலை இருந்தது. திருவொற்றியூரில் என்பீல்டு கம்பெனி மோட்டார் சைக்கிள் செய்தது. எண்ணூரில் அசோக் லேலண்டு லாரி செய்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் உண்டு. அப்பா வேலை பார்த்த கம்பெனியில் மகனும் சேர்ந்த வீடுகள் பல.

அந்தக் காலம் மாறிவிட்டது. 1983-ல் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்தது. நூறு பேர் முதுகில் ஏறி இறங்கிய சரக்கை ஒரு கிரேன் தூக்கத் தொடங்கியது. நூறாண்டுக்கு மேல் ஓடிய பின்னி ஆலை 1996-ல் மூடப்பட்டது. நிலக்கரித் தூசியால் ராயபுரம் மக்கள் படும் பாட்டைக் கண்டு, 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை உயர்நீதிமன்றம் நிறுத்தியது. மூச்சுக்கு அது நல்ல தீர்ப்பு. ஆனாலும் அந்தக் கரியை நம்பிப் பிழைத்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் நின்றது. புதிய வண்டிக் கம்பெனிகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எழுந்தன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் பரவியபோது, எண்ணூர் மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போயின. யாரும் அவர்களை வேலையை விட்டு நீக்கவில்லை. ஆனாலும் வேலை போய்விட்டது.

இதை எல்லாம் எதற்குச் சொல்கிறோம்? வேலை இல்லாமல் இருப்பவனைப் பார்த்ததும் "சோம்பேறி" என்று சொல்ல நம் நாக்கு துடிக்கிறது. ஆலையை மூடியவன் அவனில்லை. கிரேனைக் கொண்டுவந்தவன் அவனில்லை. ஆற்றில் எண்ணெயை விட்டவனும் அவனில்லை. தான் செய்யாத காரியத்துக்கு ஒருவனைத் தலைகுனிய வைப்பது அதர்மம்.

இனி தகப்பனாரின் கேள்விக்கு வருவோம். வேலையில் உயர்வு தாழ்வு இல்லை என்பது உண்மை. அய்யாவின் பின்னே முதலில் வந்தவர்களில் பனையேறிகள் உண்டு, வயலில் கூலி செய்தவர்கள் உண்டு. அவர்களை அய்யா, தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நின்று வணங்கச் சொன்னார். பனை ஏறிய கை தாழ்ந்ததென்றால் அந்தத் தலையில் பாகை ஏறியிருக்காது. ஆகவே மூட்டை தூக்குவதோ, மீன் அள்ளுவதோ, கழிவுநீர்க் குழாய் பதிப்பதோ இழிவு என்று நினைக்கும் பிள்ளை, தன் முன்னோரையே இழிவாக நினைக்கிறான். "நான் படித்தவன், எனக்கு நாற்காலி வேலைதான் வேண்டும்" என்று மட்டும் சொல்லிக் காத்திருப்பவனுக்குத் தகப்பனார் சொல்லும் புத்தி சரியான புத்தி.

ஆனால் அதே அய்யா இன்னொன்றும் சொன்னார். திருவிதாங்கூர் ஆட்சியில் நம் மக்கள் கூலியில்லாமல் சுமை சுமந்தார்கள். ஓலையும் கருப்பட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கூப்பிட்டால் போக வேண்டும், மறுத்தால் அடி. அதற்குப் பெயர் ஊழியம். அதைச் செய்யாதீர்கள் என்று அய்யா தடுத்தார். அந்த ஆட்சி அவரைச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தது. சுமப்பது கேவலம் என்பதால் அவர் தடுத்தாரா? சுமை கேவலமென்றால் பனையேற்றமும் கேவலமாகிவிடும். உழைப்பவனுக்குக் கூலியும் இல்லை, மறுக்கும் உரிமையும் இல்லை, மனிதன் என்ற மதிப்பும் இல்லை. அதனால்தான் தடுத்தார்.

ஆக, எந்த வேலையும் தாழ்ந்ததில்லை என்று அய்யாவின் பெயரால் சொல்பவர், எந்தக் கூலியும் போதும் என்று அய்யாவின் பெயரால் சொல்ல முடியாது. வேலையை அளக்கும் கோல் ஒன்று. கூலியை அளக்கும் கோல் வேறொன்று. நம் வீடுகளில் வரும் சண்டையெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் வருகிறது. தகப்பனார் வேலையைப் பற்றிப் பேசுகிறார். மகன் கூலியைப் பற்றிப் பேசுகிறான். ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழுவதில்லை.

பிள்ளையிடம் "ஏன் போகவில்லை?" என்று கேட்கும் முன்பு, அந்த இடத்தைப் பற்றி மூன்று விஷயங்களைக் கேளுங்கள். சொன்ன சம்பளம் சொன்ன தேதியில் கைக்கு வருமா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று பிடித்த பணம் அவன் பெயரில் கட்டப்படுகிறதா? அடிபட்டால் யார் பொறுப்பு? ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் வேலை வாங்கிய கம்பெனியே கொடுக்க வேண்டும் என்று 1970-ன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. இதைத் தெரிந்து கேட்பது திமிர் ஆகாது. ஊழியத்தை மறுத்தவர் வழியில் வந்தவர்களுக்கு அது கடமை.

"அடுப்பு எரியாத வீட்டில் இந்தக் கேள்வியெல்லாம் கேட்க முடியுமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வீட்டில் அரிசி இல்லாதபோது ஒருவன் குறைந்த கூலிக்குப் போனால் அவன்மேல் குற்றமில்லை. பசித்தவனின் அவசரத்தைப் பார்த்துக் கூலியைக் குறைத்தவன்மேல்தான் குற்றம். ஆனால் அப்படிப் போகிறவன் அதையே தன் விதி என்று எண்ணிவிடக் கூடாது. மாலையில் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும். வெல்டிங், ஏசி மெக்கானிக், கிரேன் ஓட்டுதல் என்று கைத்தொழில் தெரிந்தவன், கூலி குறைந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்லக் கொஞ்சமாவது வழி உண்டு.

அப்படியானால், வேலையில் இருக்கிற நமக்குத் தர்மம் என்ன? தாழ்ந்தவரைத் தாங்கி உயர்த்துவது தர்மம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வேலையில்லாதவனுக்கு நூறு ரூபாய் கொடுப்பதோடு அது முடிந்துவிடாது.

நம் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால், அந்தச் செய்தி யார் யாருக்குப் போகிறது? பெரும்பாலும் சொந்தக்காரனுக்கு, அடுத்து சொந்தச் சாதிக்காரனுக்கு. அத்தோடு நின்றுவிடுகிறது. சாமித்தோப்பு முத்திரிக்கிணற்றை நினைத்துப் பாருங்கள். ஒரே கிணற்றில் எல்லாச் சாதியாரையும் குளிக்கவும் குடிக்கவும் வைத்தார் அய்யா. அந்தக் காலத்தில் தண்ணீரைப் பங்கிட மறுத்தார்கள். இந்தக் காலத்தில் வேலைச் செய்தியைப் பங்கிட மறுக்கிறோம். 1921-ல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் சாதியால் பிளந்து, புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. பசித்தவனும் பசித்தவனும் மோதிக்கொண்டார்கள். நூறாண்டு கடந்தும் அந்தப் பாடம் நமக்கு வேண்டியிருக்கிறது. தாங்கலின் சுவரில் ஒரு பலகை வைத்து, தெரிந்த வேலைச் செய்திகளை எல்லோரும் படிக்கும்படி எழுதிப் போடலாமே! அதற்குச் செலவு ஒரு சாக்பீஸ்.

இன்னொன்று. "துறைமுகத்தில் வேலை வாங்கித் தருகிறேன், மூன்று லட்சம் கொடு" என்று வருகிறவனை வாசலிலேயே நிறுத்துங்கள். அய்யா காணிக்கையே வேண்டாம் என்றவர். அவர் பிள்ளைகள் வேலைக்குக் காணிக்கை கட்டலாமா? நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள் நம் தெருக்களிலேயே உண்டு. அப்படி வாங்கிக் கொடுப்பவன் நம்மவனாகவே இருந்தாலும், அவன் செய்வது கலியின் வேலை.

வேலையில்லாமல் இருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாண வீட்டுக்குப் போக வெட்கம், "என்ன செய்கிறாய்?" என்ற கேள்விக்குப் பயம், கடைசியில் தாங்கலுக்கு வருவதையும் நிறுத்திவிடுகிறீர்கள். வாருங்கள். பள்ளியறையில் அய்யா கண்ணாடி வைத்திருக்கிறார். அதன் முன்னே நிற்பவன் சம்பளச் சீட்டைக் காட்டி நிற்பதில்லை. கம்பெனி மேலாளர் நின்றாலும், வேலை தேடி அலைந்த கால்களோடு நீங்கள் நின்றாலும், அது காட்டுவது ஒரே வெளிச்சத்தைத்தான். விண்ணப்பம் திரும்பி வந்தது என்றால் ஒரு கம்பெனி உங்களை எடுக்கவில்லை என்று அர்த்தம். உங்கள் மதிப்பை எழுதும் பேனா அவர்கள் கையில் இல்லை.

கிடைக்கும் வேலையை வெட்கப்படாமல் செய்யுங்கள். உரிய கூலியைப் பயப்படாமல் கேளுங்கள். வேலை கிடைத்தபின், அடுத்தவனுக்குச் சொல்ல மறக்காதீர்கள்.

அய்யா உண்டு!