கருத்துக்கும் கணக்கு உண்டு

காலையில் நாளேட்டை விரித்ததும் நம்முள் ஒரு நீதிபதி வந்து அமர்ந்துவிடுகிறார். நடுவண் அரசின் நிதிநிலை அறிக்கை முதல் ஊராட்சிக் குடிநீர்க் குழாய் வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் தீர்ப்பு உண்டு. சாட்சிகளை விசாரிக்க அவருக்குப் பொழுதில்லை. தேநீர் ஆறுவதற்குள் தீர்ப்பு வழங்கிவிடுகிறார். கருத்துச் சொல்வது நம் உரிமை, ஐயமில்லை. அந்த உரிமையோடு ஒரு கடமையும் சேர்ந்து வருகிறதா என்பதே என் கேள்வி.

முதலில் என்னையே கூண்டில் நிறுத்துகிறேன். 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, 500, 1000 ரூபாய்த் தாள்கள் நள்ளிரவு முதல் செல்லாது என அறிவித்தார். புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு அந்தத் தாள்களில்தான் இருந்தது. மறுநாள் காலை தெருமுனைத் தேநீர்க் கடையில் நான் உரத்துப் பேசினேன்: "கறுப்புப் பணக்காரர்களுக்குச் சரியான அடி. நல்லவர்கள் நாலு நாள் பொறுத்துக்கொள்ளட்டும்."

எனக்கு மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. பொறுப்பது எனக்கு எளிது. எங்கள் தெருவுக்குக் கூடையில் மீன் கொண்டுவரும் அம்மாள் அந்த வாரம் வரவில்லை. பத்து நாள் கழித்து வந்தவரிடம் காரணம் கேட்டேன். "ஏலத்துல பழைய நோட்டு வாங்க மாட்டேங்கறாங்க ஐயா. வீட்டுல உள்ளவங்க பழைய நோட்டைத்தான் நீட்டுறாங்க. வட்டிக்கு வாங்கித்தான் இன்னைக்குக் கூடை தூக்கினேன்" என்றார். அவர் என்மீது சினம் கொள்ளவில்லை. நான் தேநீர்க் கடையில் பேசியது அவருக்குத் தெரியாது. அதுவே என்னை உறுத்தியது. பொறுக்கச் சொன்னவன் நான், பொறுத்தவர் அவர்.

கணக்கில் காட்டாத பணம் வங்கிக்குத் திரும்பாமல் மடியும் என நம்பியிருந்தேன். 2018 ஆகஸ்டில் வெளிவந்த ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கையோ, அந்தத் தாள்களில் 99.3 விழுக்காடு திரும்பிவிட்டதாகக் கூறியது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வில் நால்வர், அந்த நடவடிக்கை சட்டப்படி செல்லும் எனத் தீர்ப்பளித்தனர், ஒருவர் மாறுபட்டார். சட்டத்தின் கேள்வி அங்கே முடிந்தது. என் மனச்சான்றின் கேள்வி முடியவில்லை.

அப்படியானால், துன்பப்படுகிறவர் மட்டுமே கருத்துச் சொல்லலாமா? அதுவும் பொருந்தாது. வலி தருவதாலேயே ஒரு திட்டம் தவறாகிவிடாது. வரியும் வலிக்கத்தான் செய்கிறது. இனி நாம் வாயே திறக்கக் கூடாது என்பதும் என் முடிவன்று. அநீதியைக் கண்டும் பேசாதிருப்பவர் அதற்குத் துணைபோகிறவரே.

நான் கேட்பது சிறிய ஒழுக்கம். கருத்தைச் சொல்லும் முன், "இதற்கு விலை கொடுக்கப்போவது யார்? நானா, வேறொருவரா?" என்று கேட்போம். பிறர் தலையில் விழும் சுமையை வாழ்த்துமுன் இருமுறை எண்ணுவோம். செய்தி ஆறிய பின் திரும்பிப் பார்த்து, "நான் சொன்னது நடந்ததா?" என்றும் கேட்போம். நம்மில் பலர் இந்த இரண்டாம் கேள்வியைக் கேட்பதேயில்லை. அதற்குள் அடுத்த செய்தி வந்துவிடுகிறது. அடுத்த தீர்ப்பும் எழுதியாகிவிடுகிறது.

அண்மையில் அதே தேநீர்க் கடையில், "அன்று நான் பேசியது தவறு" என்றேன். "எந்தக் காலத்துக் கதை சார் அது!" என்று ஒருவர் சிரித்தார். செய்தி பழையதுதான். ஆனால் அந்தப் பத்து நாளும் அடுப்பெரிய அந்த அம்மாள் என்ன செய்தார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அவர் நாளை காலை வருவார், கேட்க வேண்டும்.